தோட்டத்து அரிவாளும் 118(1) வழக்கும்: தற்காப்பு எங்கே நிற்கும், எங்கே வழுக்கும்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். கொடைக்கானல் மேல்மலையில் உங்கள் பூண்டுத் தோட்டத்துக்கு ஓடையிலிருந்து தண்ணீர் வரும் ஓஸ் குழாயை அடுத்த தோட்டத்துக்காரர் அறுத்துவிட்டார் என்று வாய்த்தகராறு. அவர் மண்வெட்டிக் காம்பால் உங்கள் தம்பி தலையில் அடித்திருக்கிறார். அந்த நேரம் புதர் வெட்டிக்கொண்டிருந்த தம்பி, கையில் இருந்த அரிவாளை வீச, அவருக்கு முன்கையில் வெட்டு விழுந்து ஏழு தையல். நடந்து நான்கு நாள் ஆகிறது, எஃப்.ஐ.ஆர் தம்பி மேல் மட்டும் பி.என்.எஸ் (இ.பி.கோ-வுக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 296(பி) ஆபாச வசவு, 118(1) ஆயுதத்தால் காயம், 351(3) கொலை மிரட்டல் என்று போட்டிருக்கிறார்கள். தலை வீங்கியும் தம்பி பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. தோட்ட வேலைக்கு வைத்திருந்த அரிவாளை ஆயுதம் என்று எப்படிச் சொல்லலாம், தற்காப்பு என்று சொன்னால் கேஸ் நிற்குமா, ஊரில் பேசி ராஜியானால் கேஸ் போய்விடுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: அவன் முதலில் அடி வாங்கியவன், அதை யாராவது நம்புவார்களா?

நம்புவதற்கு வழி இருக்கிறது, ஆனால் அது நியாயத்தை எடுத்துச் சொல்வதால் வராது, இந்த வாரத்துக்குள் உருவாகும் காகிதங்களால் வரும். கொடைக்கானலிலும் திண்டுக்கல்லிலும் அடிதடி வழக்குகளை எதிரித் தரப்பில் (கோர்ட் பேச்சில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவர்) பல வருஷமாக நடத்தி வருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். உங்கள் எஃப்.ஐ.ஆரை நான் பார்க்கவில்லை, எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதும் தெரியாது, அதனால் கீழே எழுதுவதில் சட்டம் என்ன என்பதை உறுதியாக எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வழக்கு எப்படி முடியும் என்று நான் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அரிவாள். இதில் சந்தேகமே இல்லை, 118(1) அதைப் பிடிக்கும். அந்தப் பிரிவு சுடவோ, குத்தவோ, வெட்டவோ பயன்படும் எந்தக் கருவியையும் நேராகச் சொல்கிறது. வேலைக்கு வைத்திருந்தது, காசு கொடுத்து கடையில் வாங்கியது என்பதெல்லாம் அங்கே எடுபடாது. பழைய இ.பி.கோ 324-உம் இதே சொற்களைத்தான் வைத்திருந்தது (சம்பவம் 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்பதால் உங்களுக்குப் புதிய சட்டம்). வாதத்துக்கு இடம் இருப்பது எதிர்த்தரப்பின் மண்வெட்டிக் காம்பில்தான், ஏனென்றால் அது வெட்டும் கருவி இல்லை, அதைத் தாக்கப் பயன்படுத்தினால் சாவு நேரக்கூடுமா என்று அளவையும் கனத்தையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். கல்லால் அடித்த ஒரு வழக்கில், மத்தாய் எதிர் கேரள அரசு, 2005, உச்ச நீதிமன்றம் இப்படித்தான் பொருளின் தன்மையைப் பார்த்து, ஆயுதப் பிரிவிலிருந்து சாதாரணக் கொடுங்காயப் பிரிவுக்கு இறக்கியது. அதற்காக அரிவாள் கையில் இருந்த காரணம் வீண் என்று நினைக்காதீர்கள். அவன் வேலை செய்துகொண்டிருந்தான், சண்டைக்கென்று வீட்டுக்குப் போய் எடுத்து வரவில்லை என்பது முன்திட்டம் இல்லை என்பதைக் காட்டும், தற்காப்புக்கு அது முதுகெலும்பு. பாதி வெட்டிய புதர் அங்கே இன்னும் கிடந்தால் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்து காயம், இங்கேதான் வழக்கின் கனம் கூடும் குறையும். 118(1) என்றால் அதிகபட்சம் 3 வருஷம், அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே வெட்டு கொடுங்காயம் என்று டாக்டர் எழுதிவிட்டால் 118(2)-க்கு மாறும், அதில் குறைந்தது 1 வருஷம், 10 வருஷம் வரை போகலாம், ஆயுள் தண்டனைக்கும் இடம் உண்டு. தையல் எண்ணிக்கை இதைத் தீர்மானிக்காது. எலும்பு முறிவோ, விரல் மூட்டு நிரந்தரமாகச் செயல் இழப்பதோ, 15 நாள் கடும் வலியோ அல்லது அன்றாட வேலை செய்ய முடியாத நிலையோ (பழைய சட்டத்தில் 20 நாள்) என்று 116-ஆவது பிரிவில் பட்டியல் இருக்கிறது, அதற்குள் வர வேண்டும். எலும்பு இரண்டாக உடைய வேண்டியதில்லை, வெட்டு எலும்பில் இறங்கிக் கீறல் விழுந்திருந்தாலே முறிவுதான் என்று தீர்ப்புகள் உண்டு, முன்கையில் அரிவாள் பட்டால் இது நடக்கக்கூடியது. ஆகவே காயச் சான்றில் எக்ஸ்ரே பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் உங்கள் வக்கீல் முதலில் தேட வேண்டிய வரி. இன்னொன்று, ஆஸ்பத்திரியில் 15 நாள் படுக்கை பிடித்தார் என்பதாலேயே அது கொடுங்காயம் ஆகிவிடாது, அத்தனை நாள் வேலை செய்ய முடியாமல் இருந்தார் என்பதை அரசுத் தரப்பு தனியாகக் காட்ட வேண்டும். கொலை முயற்சி, அதாவது 109 சேர்ப்பார்கள் என்று ஊரில் பயமுறுத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வீச்சு, உயிர்நிலை அல்லாத இடம், அவர் கீழே விழுந்த பிறகும் இவன் தொடரவில்லை என்றால் 109 நிற்பது கடினம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: முன்கையின் வெளிப்புறத்தில் வெட்டு என்றால், தலைக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்தார் என்று அரசுத் தரப்பு கண்டிப்பாகச் சொல்லும். எந்தக் கை, எந்தப் பக்கம், எந்த வாட்டத்தில் என்பதைச் சான்றில் பாருங்கள்.

இனி தற்காப்பு. பி.என்.எஸ் 34 முதல் 44 வரை அதுதான். உடம்புக்கு மட்டுமல்ல, சொத்துக்குச் சேதம் செய்கிறவனைத் தடுக்கவும் உரிமை உண்டு, ஓஸை அறுப்பது அதற்குள் வரலாம். அரிவாளை வைத்துத் தற்காத்தால் உரிமை போய்விடும் என்று எங்கும் சொல்லவில்லை. தலையில் அடி விழுகிறவன் தராசு வைத்து அளந்து திருப்பி அடிக்க முடியாது என்பதையும் கோர்ட்டுகள் பல முறை ஒத்துக்கொண்டிருக்கின்றன, தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு (2010) தீர்ப்பில் இந்த உரிமையின் கொள்கைகளை வரிசையாகத் தொகுத்திருக்கிறார்கள், உங்கள் வக்கீலிடம் அதை எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம் வரும், ஆனால் அரசுத் தரப்பு மாதிரி ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படித்தான் நடந்திருக்கக் கூடும் என்று நம்ப வைத்தால் போதும். அதைக்கூட அவர்கள் சாட்சிகளின் வாயிலிருந்தே எடுக்கலாம், தனியாகச் சாட்சி போட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

வழுக்கும் இடங்கள் மூன்று என் கண்ணில் படுகின்றன. அடித்தவர் காம்பைப் போட்டுவிட்டுத் திரும்பிய பிறகு வீச்சு விழுந்திருந்தால் அது தற்காப்பு இல்லை, பழிவாங்கல். இரண்டு பக்கமும் தயாராகி மோதிக்கொண்டது என்று கோர்ட் முடிவுக்கு வந்தால் யாருக்கும் தற்காப்பு உரிமை கிடையாது, அவரவர் செய்ததற்கு அவரவர் பொறுப்பு. மூன்றாவது, போலீசை அழைக்க நேரம் இருந்தும் அழைக்காமல் தானே இறங்கினால் உரிமை இல்லை என்று 37-ஆவது பிரிவு சொல்கிறது. சமவெளியில் இது அரசுத் தரப்புக்கு நல்ல ஆயுதம், மேல்மலையில் அவ்வளவு இல்லை. ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பி மன்னவனூர்ப் பக்கம் வந்து சேர எவ்வளவு நேரம் என்பது இங்கே இருக்கும் எவருக்கும் தெரியும், தலைக்கு மேல் காம்பு நிற்கும்போது அந்த வண்டிக்காகக் காத்திரு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஓஸை அறுத்தது காலையில், சண்டை மதியம் என்றால் கதை வேறு. சொத்தைக் காப்பாற்றத்தான் வீசினான் என்று பேசாமல், தலையில் விழுந்த அடியைப் பிடித்துக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து.

அந்தத் தலையடிக்கு இப்போது ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. இன்றைக்கே தம்பியைக் கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். எஃப்.ஐ.ஆர் இருப்பதால் ஆஸ்பத்திரி வாசலிலேயே பிடித்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் வக்கீலைக் கூட வைத்துக்கொண்டு போங்கள், கைதானாலும் மருத்துவப் பரிசோதனை அவன் உரிமை (பி.என்.எஸ்.எஸ், அதாவது புதிய குற்ற நடைமுறைச் சட்டம், பிரிவு 53), ரிமாண்டுக்கு நிறுத்தும்போது மாஜிஸ்திரேட்டிடம் காயத்தைக் காட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டாக்டரிடம் யார், எதால், எங்கே, எப்போது அடித்தது என்பதை உள்ளபடி சொல்லி விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். காப்பி என்பதில், எழுத வையுங்கள். நான்கு நாள் தாமதம் உங்களைக் கடிக்கும்தான், பொய்யாக உருவாக்கிய காயம் என்பார்கள், ஆனாலும் வீக்கத்தின் நிறத்தைப் பார்த்து எத்தனை நாள் பழையது என்று டாக்டர் சொல்லக்கூடும், இன்னும் நான்கு நாள் போனால் அதுவும் போச்சு. இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், எதிரியின் உடம்பில் இருக்கும் குறிப்பிடத்தக்க காயத்தை அரசுத் தரப்பு விளக்கவில்லை என்றால் சம்பவத்தின் தொடக்கத்தையே மறைக்கிறார்கள் என்று கோர்ட் எடுத்துக்கொள்ளலாம், 1976-இல் லட்சுமி சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. சிராய்ப்புக்கு இந்த விதி உதவாது, தலைக்காயத்துக்கு உதவும். அவர்களுடைய ஏ.ஆர். காப்பியும் உங்களுக்கு முக்கியம், ரத்தம் சொட்டச் சொட்ட டாக்டரிடம் முதலில் சொன்ன கதைக்கும் பிறகு எஃப்.ஐ.ஆரில் ஏறிய கதைக்கும் ஆள் எண்ணிக்கையிலும் ஆயுதத்திலும் வித்தியாசம் இருந்தால் குறுக்கு விசாரணை அங்கிருந்துதான் தொடங்கும்.

அதோடு தம்பி தரப்பில் ஒரு புகார் கொடுங்கள். ஸ்டேஷனில் வாங்கவில்லை என்றால் திண்டுக்கல் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் மனு, பி.என்.எஸ்.எஸ் 173(4) அந்த வழியைக் காட்டுகிறது. புகார் பதிவாகிவிட்டால் வழக்கும் எதிர்வழக்கும் என்று ஆகிவிடும், தமிழ்நாட்டுக் காவல் நிலை ஆணை 588-ஏ படி இரண்டையும் சேர்த்து விசாரித்து யார் வலியப் போய் அடித்தவர் என்று அதிகாரி கண்டுபிடிக்க வேண்டும், இரண்டிலும் குற்றப்பத்திரிகை வந்தால் ஒரே நீதிபதி அடுத்தடுத்து விசாரிக்க வேண்டும். நடைமுறையில் அதிகாரிகள் இதைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் உண்டு, விட்டால் அதுவே உங்களுக்கு ஒரு வாதம்.

அரிவாளைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை, அதனால் பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்: கழுவாதீர்கள், ஓடையில் எறியாதீர்கள், சித்தப்பா வீட்டில் ஒளிக்காதீர்கள். சாட்சியத்தை அழித்ததாக 238-ஆவது பிரிவில் வீட்டில் உள்ளவர்களும் எதிரி ஆவார்கள். தற்காப்பு என்று சொல்லப்போகிறவனுக்கு அரிவாள் சிக்குவதால் நஷ்டமும் இல்லை, கையில் இருந்தது என்பதை அவனே ஒப்புக்கொள்ளப் போகிறான். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது, அதில் சொன்னபடி பொருள் எடுத்துக் கொடுத்த பகுதி மட்டும் செல்லும், வி.ஏ.ஓ கையெழுத்தோடு மகஜர், அதாவது பறிமுதல் குறிப்பு, போடுவார்கள். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் வேண்டாம்.

ஜாமீன் விஷயத்தில் பழைய நினைப்பில் இருக்காதீர்கள். 324-க்கு ஸ்டேஷனிலேயே ஜாமீன் கிடைத்து வந்தது, 118(1) இப்போது ஜாமீனில் விடத்தகாத குற்றம். ஆனால் 7 வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் தேவையைக் காட்டாமல் கைது செய்யக்கூடாது என்று 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பு இருக்கிறது, அழைப்பாணை கொடுத்து விசாரிக்கலாம், உங்கள் மூன்று பிரிவும் அந்த வரம்புக்குள்தான். அழைப்பாணை வந்தால் போக வேண்டும், போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணம் ஆகும். முன்ஜாமீனுக்கு முதலில் திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட், பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. 118(2) ஆக மாற்றிவிட்டால் ஜாமீன் இறுகும், அதனால் காயச் சான்று முடிவாவதற்கு முன் மனு போடுவது புத்திசாலித்தனம். தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் கையெழுத்து என்று நிபந்தனை போட்டால், மேல்மலையிலிருந்து பஸ் பிடித்து வருவதில் அவன் கூலியே போய்விடும், சில வாரம் ஒழுங்காகப் போட்டுவிட்டுத் தளர்த்தச் சொல்லி மனு கொடுங்கள். எதிர்த்தரப்பு பட்டியல் சாதியோ பழங்குடியோ என்றால், நீங்கள் அப்படி இல்லை என்றால், வன்கொடுமைச் சட்டம் சேர வாய்ப்பு உண்டு, சேர்ந்தால் முன்ஜாமீன் பாதை பெரும்பாலும் அடைபடும், இதை வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

296(பி)-யும் 351(3)-உம் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். கெட்ட வார்த்தை, கொலை மிரட்டல் இரண்டும் தமிழ்நாட்டில் எந்த அடிதடி எஃப்.ஐ.ஆருக்கும் உடன்பிறப்பு மாதிரி வரும், முன்பு 294(பி), 324, 506(2) என்று. வெறும் வசவு ஆபாசம் ஆகாது, கோபத்தில் சொன்ன வெற்று மிரட்டல் குற்றமாகாது என்று தீர்ப்புகள் நிறைய.

விசாரணையில் நான் அதிகம் பார்க்கிற சறுக்கல், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வைப்பது. அங்கே நானே இல்லை என்று ஒரு சாட்சியிடமும், அவர்தான் முதலில் அடித்தார் என்று அடுத்த சாட்சியிடமும் கேள்வி போடுவார்கள். சட்டப்படி எதிரி சொல்லாவிட்டாலும் பதிவில் இருந்தால் கோர்ட் தற்காப்பைக் கொடுக்கலாம், 1968-லேயே முன்ஷி ராம் வழக்கில் சொன்னதுதான், ஆனால் கேட்கிற மாஜிஸ்திரேட்டும் மனிதர். குறுக்கு விசாரணையில் வக்கீல் வைக்கும் கூற்றுகளே எதிரிக்கு எதிராகப் போகலாம் என்பதும் இப்போது தெளிவாகிவிட்டது. ஆரம்பத்திலிருந்தே ஒரே கதை, அது நடந்த கதையாகவே இருக்கட்டும், 351-ஆவது பிரிவில் (பி.என்.எஸ்.எஸ்) மாஜிஸ்திரேட் கேள்வி கேட்கும் நாளில் அதை எழுத்தாகவும் கொடுங்கள். இன்னொரு சின்ன விஷயம், எங்கள் ஓஸ் எங்கள் தண்ணீர் என்று அடித்துச் சொல்வதற்கு முன் அந்த ஓஸ் காப்புக்காட்டுக்குள் ஓடுகிறதா என்று பாருங்கள், ஓடினால் வனத்துறை தனியாக ஒரு வழக்கு வைத்துக்கொண்டு நிற்கும்.

ராஜி பற்றி: ஊர்க்கூட்டத்தில் கை குலுக்கிவிட்டால் கேஸ் முடிந்தது என்பது தப்பு. 118(1) சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை, மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாபஸ் கிடையாது. இரண்டு தரப்பும் கையெழுத்திட்ட சமரச மனுவோடு மதுரைக் கிளையில் பி.என்.எஸ்.எஸ் 528-இன் கீழ் ரத்து கேட்கலாம், இந்த மாதிரி அக்கம்பக்கத்துத் தகராறில் பெரும்பாலும் கொடுக்கிறார்கள், கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, அது நீதிபதியின் விருப்புரிமை. 109 இருந்தால் காயத்தையும் ஆயுதத்தையும் பார்த்து இன்னும் யோசிப்பார்கள். பணம் கொடுத்துச் சாட்சியைப் பிறழ வைப்பது ராஜி ஆகாது, அது வேறு குற்றம். கடைசியில் 118(1)-இல் தண்டனையே வந்தாலும், முன்குற்றம் இல்லாதவன் என்றால் 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டம் 4-ஆவது பிரிவில் ஜெயில் இல்லாமல் விடச் சொல்லிக் கேட்கலாம். 118(2)-க்கு ஆயுள் தண்டனை சாத்தியம் என்பதால் அந்தக் கதவு கிடையாது, எக்ஸ்ரே எவ்வளவு முக்கியம் என்பது இதிலும் தெரியும்.

வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் கொடைக்கானல் கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவில் கேளுங்கள், கைதாகிக் காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 15100 என்ற எண்ணிலும் கூப்பிடலாம். எஃப்.ஐ.ஆர் நகல் காவல்துறை இணையதளத்தில் வந்திருக்க வேண்டும், 24 மணி நேரத்தில், இணைப்புச் சிக்கல் உள்ள இடமானாலும் 72 மணி நேரத்துக்குள் ஏற்றச் சொல்லி 2016-இலேயே உத்தரவு இருக்கிறது. அதை எடுத்து, சம்பவ நேரம், ஸ்டேஷனில் பதிந்த நேரம், மாஜிஸ்திரேட்டுக்குப் போன நேரம் மூன்றையும் குறித்துக்கொண்டு, பெயர்களை அடித்துவிட்டு இங்கே போடுங்கள், பார்த்துவிட்டு மேலே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஆஸ்பத்திரி.